நீ கொடுத்துவிட்ட என் பொருத்தம்

மகன், ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஸலாத்தை நிறுத்தி வைக்கிற பழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. போன கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியில், "உம்மா, வீட்டு வேலதான் முடிஞ்சிட்டே, இனி என்ன பிரச்சின? எண்ட கலியாணத்துக்கு ஆக்கள் வரக்குள்ள அந்த பாத்ரூமத் தொறந்து விடுங்களேன்" என்று சொல்லியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசியிலேயே பதில் சொல்லலாம்தான். சொன்னால் நீ நடுவில் புகுந்து "சரி உம்மா, சரி உம்மா" என்பாய். உன் சரியில் என் கதை பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதியதைப் படம் பிடித்து நம் குடும்பக் குழுமத்தில் போடும்படி உன் தங்கையிடம் கொடுக்கப் போகிறேன். நீ என் வார்த்தையை ஸ்பீக்கரில்தானே நாலு பேருக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தாய்? என் பதிலையும் நாலு பேர் வாசிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உம்மா நன்றி மறந்தவள் என்று பிறகு நீ சொல்லக் கூடாது. இந்த வேலையை நீ என் மேலுள்ள பாசத்தில்தான் தொடங்கினாய். உன் வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு என் முழங்கால்கள் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வளவின் மூலையில் இருக்கிற பழைய கக்கூஸுக்கு ஒரு மழை நாளில் நடந்துபோய் நான் சறுக்கி விழுந்தேன். அதை உன் தங்கை உனக்குச் சொல்ல, நீ கட்டாரிலிருந்து அழுதுகொண்டே அழைத்தாய். "ஒங்கட ரூமோட சேத்து பாத்ரூம் கட்டுவம் உம்மா, குசினியையும் பெருப்பிப்பம், நீங்க இனி மழையில இறங்கவே தேவையில்ல" என்றாய். வாயால் வேண்டாம் என்று சொன்னேன், உள்ளுக்குள் பூரித்துப் போனேன். குறிஞ்சிப்பிட்டியில் எத்தனை பேருக்கு இப்படிப் பிள்ளை வாய்த்திருக்கிறது என்று பக்கத்து வளவு ரைஹானாவிடம் போய்ப் பெருமையும் அடித்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள். அந்த ரைஹானாவின் கதைதான் இந்தக் கடிதத்தில் பாதி.

பாலாவியிலிருந்து ஜவாத் பாஸை நீதான் பிடித்துத் தந்தாய். கொந்தராத்து எடுத்து வீடு கட்டிக் கொடுக்கிறவர், உன் கூட்டாளியின் வீட்டையும் அவர்தான் செய்தார் என்றாய். அநியாயம் சொல்லக் கூடாது, அவர் எழுப்பிய சுவரில் ஒரு கோணல் கிடையாது. குசினி விசாலமாக, வெளிச்சமாக இருக்கிறது. ஆனால் வந்த முதல் நாளே அந்த மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: இந்த வீடு கட்டாரில் இருக்கிறது, இங்கே இருப்பது ஒரு கிழவி. குசினி ஜன்னலை இந்தப் பக்கம் வைத்தால் கச்சான் காற்றுக் காலத்தில் மணலெல்லாம் சோற்றில்தான் விழும் என்று சொன்னேன். "மகனோட கதைச்சிட்டேன் ராத்தா" என்றார். தொழுகைக்கு ஒளுச் செய்கிற குழாயை நான் உட்கார்ந்து செய்கிற உயரத்தில் வையுங்கள் என்றேன். அதற்கும் "மகனோட கதைச்சிட்டேன் ராத்தா." பின்னேரமானால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து உனக்குப் படம் காட்டுவார். அங்கிருந்து நீ "சூப்பர் நாநா, சூப்பர்" என்பாய். அந்தப் படத்தில் ஒருநாளாவது என் முகம் வந்ததா? என் கை வந்திருக்கும், பிளேன்டீக் கோப்பையோடு. உப்பளக் காரியாலயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆண்கள் என் தலைக்கு மேலால் கதைப்பது எனக்குப் புதிதில்லை. என் சொந்த வீட்டுக்குள், என் சொந்தப் பிள்ளையோடு சேர்ந்து கதைப்பதுதான் புதிது.

ஜன்னலை விட்டுக்கொடுத்தேன், குழாயை விட்டுக்கொடுத்தேன். பாத்ரூமுக்கான குழி எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த நிலத்தை நீ மறந்திருக்க மாட்டாய் என்றுதான் நினைத்தேன். கைவைத்த இடமெல்லாம் மணல். கிணறு என்றால் குனிந்து எட்டிப் பார்க்கிற ஆழம்தான். ஒரு வளவில் ஊற்றுவது மறு வளவில் போய் ஊறும். அதனால்தான் நம் ஊரில் கக்கூஸ் குழி வெட்டுவதென்றால் அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பார்த்துவிட்டு இடம் பிடிப்பார்கள். ரோட்டுப் பக்க மூலையில், நம் கிணற்றுக்கும் ரைஹானாவின் கிணற்றுக்கும் தூரமாக, நானே ஒரு கம்பை நட்டு ஜவாத் பாஸிடம் காட்டினேன். "ஓம் ராத்தா, நல்ல இடம்" என்றார். அடுத்து ஒருநாள் முழங்காலுக்கு மருந்தெடுக்கப் புத்தளம் போனேன். திரும்பி பஸ்ஸால் இறங்கி வந்து பார்த்தால் கம்பு நட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. குழி வெட்டியிருப்பது மறுபக்கம், என் அறைக்குப் பின்னால், ரைஹானாவின் வேலியை ஒட்டி. கொங்கிறீட் வளையங்களை இறக்கி, வார்த்து வைத்திருந்த மூடியைப் போட்டு, மேலே மணலும் பரப்பியாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினால் அவளுடைய கிணற்றுக் கட்டு.

"என்ன பாஸ் இது?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் பழைய அத்திவாரக் கல்லு ராத்தா, வெட்ட ஏலாது. பைப்பும் நீளமாப் போகும். இஞ்ச மண் இளக்கமா இரிக்கி" என்றார். "கிணறு இரிக்கே பாஸ்!" என்றேன். அவர் என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும். மகனோடு கதைத்துவிட்டாராம். அந்த இடத்தில் நின்றபடியே உனக்கு எடுத்தேன். "பாஸ் சொன்னார் உம்மா, ரூமுக்குக் கிட்ட இருந்தா நல்லமாம், பைப் அடைக்காதாம், நான் ஓம் எண்டுட்டேன்" என்றாய். கிணற்றைப் பற்றி பாஸ் சொன்னாரா என்று கேட்டேன். "கிணறா? என்ன கிணறு உம்மா?" என்றாய். "ரைஹானாட கிணறு!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நீ குளித்து வளர்ந்த கிணறு, மகன்.

உனக்கு நினைவில்லாவிட்டால் நான் சொல்கிறேன். நீ சிறியவனாக இருந்தபோது ஒரு வருடம் மழை பொய்த்து நம் கிணறு உப்பாகிவிட்டது. எவ்வளவு சீனி போட்டாலும் பிளேன்டீ உப்புக் கரித்தது. ரைஹானாவின் வளவு கொஞ்சம் மேடு என்பதால் அவள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் நின்றது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்து, முகாமில் ஓலைக் குடிசைக்குள் காலம் கழித்து, பிறகு யாருக்கும் வேண்டாத அந்தத் துண்டு நிலத்தை வாங்கி, அவளும் புருஷனும் தாங்களே தோண்டிய கிணறு அது. மழை வரும்வரை நாம் குடித்ததும் சமைத்ததும் உன்னைக் குளிப்பாட்டியதும் அந்தத் தண்ணீரில்தான். ஒருநாள் நான் வேலியில் நின்று வாளி கேட்டதற்கு, "வாளிய என்னத்துக்குக் கேக்கிறீங்க ராத்தா? ஒங்களுக்கெண்டு வேறயா ஒண்டு கட்டில வெச்சிரிக்கேனே" என்றாள். ஒருநாள்கூட அவள் முகம் கோணியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நீ மறந்திருந்தால் உன்னைப் பற்றி நான் என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. உனக்கு மீசை அரும்பிய வயது. வாப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு, அந்த டேங்கை நீ ரைஹானாவின் கிணற்றடியில் வைத்துக் கழுவினாய். வாப்பா கண்டார். உன்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. கையைப் பிடித்து அவள் வாசலுக்குக் கூட்டிப்போய், நீ செய்ததை உன் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு வாப்பாவும் மகனுமாக அடியில் மணல் தெரியும்வரை கிணற்றை இறைத்தீர்கள். ஊறவிட்டு மறுபடியும் இறைத்தீர்கள். ரைஹானாவின் புருஷன் அப்போது உயிரோடு இருந்தார். "போதும் நாநா, புள்ள தெரியாமச் செஞ்சது" என்றார். "தெரியாமச் செஞ்சதுக்குத்தான் இறைக்கிறோம். தெரிஞ்சு செஞ்சிருந்தா இதை மூடிட்டுப் புதுசா ஒண்டு வெட்டித் தரணும்" என்றார் உன் வாப்பா. கொப்புளம் போட்ட உன் உள்ளங்கைகளுக்கு நான்தான் எண்ணெய் பூசினேன். இந்தப் பிள்ளை இனி யாருடைய தண்ணீரிலும் கை வைக்க மாட்டான் என்று அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் நீ "என்ன கிணறு உம்மா" என்று ஒரே கேள்வியில் கெடுத்துவிட்டாய்.

உள்ளே டைல்ஸ் பதித்து முடிக்கும்வரை வேலையாட்கள் அந்தப் புதுக் கக்கூஸைத்தான் பாவித்தார்கள். நான் கத்தியும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ரைஹானாவின் வாசலில் தண்ணீர் கேன்கள் வந்து இறங்குவதைக் கண்டேன். அவளுடைய மகள் பிள்ளை பெற்று வந்து வீட்டில் இருக்கிறாள், இன்னும் நாற்பது நாள் கழியவில்லை. "என்ன புள்ள, குடிக்கத் தண்ணி வாங்குறீங்க?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல ராத்தா, கோடைதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானே கயிற்றைப் பிடித்து ஒரு வாளி அள்ளி முகர்ந்து பார்த்தேன். என்ன வாடை என்று எழுத என் கை கூசுகிறது. அன்றைக்கே பாத்ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். அவர்களுக்குத் தண்ணீர் நம் குழாயிலிருந்து வேலிக்கு மேலால் ஹோஸ் போட்டுத்தான் போகிறது. அந்தப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அதில்தான். நான் பழையபடி மூலைக் கக்கூஸுக்கு நடக்கிறேன். ஜவாத் பாஸுக்குச் சிரிப்பு. "கட்டின பாத்ரூமப் பூட்டி வெச்சிட்டு வெளிய நடக்கிற ஆள இப்பதான் பாக்கிறேன் ராத்தா" என்று சொல்லிவிட்டு, சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு நான் எடுத்தால் போனையும் தூக்கவில்லை.

அவர் திரும்பி வந்தது உம்றாவுக்குப் போகப் பயணம் சொல்லத்தான். நம் பழக்கம் உனக்குத் தெரியும், தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மக்காவுக்குப் போகிறவர்கள் போகுமுன் வீடு வீடாக வந்து பொருத்தம் கேட்பார்கள். பொருந்திக்கொண்டேன் என்று நாம் சொன்னால், அவர் நமக்குச் செய்த பிழையை மனதார விட்டுவிட்டோம், மறுமையிலும் அவர்மேல் நமக்குக் கேள்வி இல்லை என்று அர்த்தம். பாஸ்மாரும் ஒரு வீட்டு வேலையை முடித்துப் போகும்போது வீட்டுக்காரரிடம் இதையேதான் கேட்பார்கள். வீட்டுக்காரர் பொருந்தினால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஜவாத் பாஸ் கெட்டிக்காரர். இரண்டு பொருத்தத்தையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம் என்று வந்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். தனியாக வரவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற ஹாஜியாரும் இன்னும் இரண்டு பேரும் கூட. கதிரைகளைப் போட்டேன், தேயிலை ஊற்றினேன். "ராத்தா, பயணம் போறேன். வேலையில ஏதும் குறை இருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க" என்றார். நான் மரியாதையாகத்தான் சொன்னேன். "குழிய மாத்தித் தாங்க பாஸ், மனசாரப் பொருந்திக்கிறேன். ஒங்களுக்காக அழுது துஆக் கேக்கிறேன்." "அத வந்து பாப்பம் ராத்தா" என்றார். "அப்ப பொருத்தத்தையும் வந்து கேளுங்க" என்றேன். ஹாஜியாருக்கு அது பிடிக்கவில்லை. "அல்லாஹ்ட வீட்டுக்குப் போற மனுசன வாசல்ல நிப்பாட்டாதீங்க புள்ள" என்றார். ஜவாத் பாஸ் போனை எடுத்தார், உனக்கு அடித்தார், ஸ்பீக்கரில் போட்டார். நீ வேலையில் நின்றாய், பின்னால் இயந்திரச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் நீ சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். "உம்மாவா? உம்மா பொருந்திட்டா நாநா, நான் சொல்றேனே. நீங்க நிம்மதியாப் போய் எங்களுக்கும் துஆச் செய்ங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எல்லாரும் எழும்பினார்கள். "நான் பொருந்தல்ல!" என்றேன். வளவு முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். ஹாஜியார் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மகன் சொல்லிட்டார்தானே, ரெண்டும் ஒண்டுதானே" என்றார். இரண்டும் ஒன்றா, மகன்? நோவது என் முழங்கால். நீ காசு அனுப்பினாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனது பொருந்தியதா இல்லையா என்று எனக்குத் தெரியாதது உனக்கு எப்படிக் கட்டாரில் தெரிந்தது? என்னிடம் ஒரு வார்த்தை, "உம்மா, என்ன சொல்ல?" என்று கேட்டாயா? போன் என் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் அழவில்லை. ஊற்றி வைத்த தேயிலையை எடுத்துக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் கொட்டினேன்.

கதை அதோடு முடியவில்லை. நம் கேட்டைத் தாண்டியவர்கள் நேரே ரைஹானாவின் வாசலுக்குப் போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் முன்னால், ஜவாத் பாஸ் பின்னால். அவள் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். என்ன குறை, எந்தக் குழி, ஒன்றுமே பேச்சில் வரவில்லை. "பொருந்திக்கங்க" என்றார்கள். அவள் தலையை ஆட்டி, "பொருந்திட்டேன்" என்றாள். அவர்கள் போன பிறகு ஓடிப்போய்ப் பிடித்தேன். "என்னத்துக்குப் புள்ள சொன்னீங்க? ஒங்கட கிணறு!" என்றேன். அவள் சொன்னதைக் கேள். "பள்ளி ஆக்கள் வாசல்ல வந்து நிக்கக்குள்ள நான் வேற என்னத்தச் சொல்ற ராத்தா? நீங்க இந்த ஊர் ஆள், நீங்க ஏசலாம். நாங்க வந்த ஆக்கள்."

வந்த ஆக்கள்! அவள் பிள்ளைகள் பிறந்தது இங்கே. அவள் புருஷனை அடக்கியிருப்பது உன் வாப்பாவை அடக்கிய அதே மையவாடியில். பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. இன்னும் எத்தனை பேர் பிறந்தால் அவள் இந்த ஊர் ஆளாவாள்? ஜவாத் பாஸ் ஏன் அந்தப் பக்கம் குழி வெட்டினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண் இளக்கம் என்றாரே, அது மண்ணின் இளக்கம் மட்டுமில்லை. அந்த வேலிக்கு அப்பால் ஹாஜியாரின் வீடு இருந்திருந்தால் அத்திவாரக் கல் என்ன, மலையே கிடந்தாலும் உடைத்துக் குழியை ரோட்டுப் பக்கம் வெட்டியிருப்பார். வாய் திறக்காதவள் என்று பார்த்துத்தான் வெட்டினார். அதற்கு ஓம் என்று சொன்னது நீ. தெரியாமல் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். தெரிந்த பிறகும் பொருந்திட்டா என்று சொன்னாயே, அதை எங்கே வைப்பது?

வேறு மேசனைப் பிடித்து மாற்றிக்கொள்ளுங்கள், காசு அனுப்புகிறேன் என்று உன் தங்கையிடம் சொன்னாயாம். பிடிக்காமலா இருந்தேன்? பள்ளிவாசல்துறை ஊரிலிருந்து ஒரு மேசன் வந்தார். சுற்றிப் பார்த்தார், குழி பிழை என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "ஜவாத் பாஸோட வேலைக்கு நீங்க பொருந்தினீங்களா ராத்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அது இன்னும் அவர்ட வேலை. முடியாத வேலையில இன்னொரு பாஸ் கைவெச்சா எங்களுக்குள்ள சரிவராது. நீங்க பொருந்திட்டேன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நாளைக்கே ஆக்களோட வாறேன்" என்றார். ஆக, ஒரு பொய் சொன்னால் போதும், குழி மாறிவிடும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், உன் தங்கையும் சொல்கிறாள். நான் மாட்டேன் என்றேன். அந்தச் சொல்லை நான் பொய்யாகச் சொல்லிப் பழகிவிட்டால், பிறகு மெய்யாகச் சொல்ல என்னிடம் என்ன மிஞ்சும்? பிழை செய்தவர் ஒருவர், மறைத்தவர் ஒருவர், பொய் சொல்ல வேண்டியவள் மட்டும் நானா?

ஜவாத் பாஸ் உம்றா முடித்து வந்துவிட்டார். முந்தாநாள் வந்தார், தலை மழித்து, முகம் பளிச்சென்று. ஈச்சம்பழமும் ஒரு சின்னப் போத்தலில் மக்காவின் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்தார். "ராத்தா, கஃபாவுக்கு முன்னால நிண்டு ஒங்கட பேரச் சொல்லித் துஆக் கேட்டேன்" என்றார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, கேட்டிருப்பார். போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். "இத நான் ரைஹானாவோட சேந்துதான் குடிப்பேன் பாஸ். அவட கிணத்துத் தண்ணிய நீங்க குடிக்கிற அண்டைக்கு" என்றேன். அவர் முகம் மாறியது. "ரெண்டு வீடும் பொருந்திட்டுத்தானே ராத்தா?" என்றார். "பொருந்தினது எண்ட மகன். அவன்ட ரூமுக்குப் பின்னால போய் வெட்டுங்க, கட்டாரில" என்றேன். சிரிக்க வேண்டிய கதைதான், அவர் சிரிக்கவில்லை. கேட்டில் நின்று, "மகன் ஒரு சொல்லு மாத்திச் சொன்னாப் பாப்பம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மக்காவரை போய் வந்தும் அந்த மனிதருக்கு என் சொல் காதில் ஏறவில்லை. ஆனால் வழி எங்கே இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

மகன், உனக்குக் கலியாணம். அதனால் இதையும் சொல்லாமல் விடமாட்டேன். உன் நிக்காஹ் அன்று பெண்ணின் வாப்பா சபையில் உட்கார்ந்து அவளை உனக்குக் கட்டித் தருவார். ஆனால் அதற்கு முன்னால் சாட்சிகள் அவள் இருக்கிற அறைக்குப் போய், உனக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்பார்கள். அவள் வாயால் சொன்னதைத் தங்கள் காதால் கேட்டுவிட்டுத்தான் சபைக்கு வருவார்கள். பெற்ற வாப்பாவே ஆனாலும் அவளைக் கேட்காமல் அவளுக்காகச் சொல்ல முடியாது. நாளைக்கு நீ ஒரு குடும்பத்துக்குத் தலைவனாகி, "வீட்டாக்கள் ஒண்டும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேனே" என்று ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுக்கத் தொடங்கினால், அந்தப் பிள்ளை என்னைப் போலத் தேயிலைக் கோப்பையோடு நிற்பாள். என்னைப் போலக் கத்துவாளோ, ரைஹானாவைப் போலத் தலையாட்டுவாளோ, தெரியாது. இரண்டும் உனக்கு நல்லதில்லை. உன் வாப்பா கோபக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் என்னைக் கேட்காமல் என் பேரில் ஒரு ஸலாம்கூடச் சொல்லி அனுப்பியதில்லை. அவர் பிள்ளை நீ.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். ஜவாத் பாஸுக்கு எடு. ஹாஜியாரும் அந்த இரண்டு பேரும் அன்றைக்கு இருந்தமாதிரி இருக்கட்டும், ஸ்பீக்கரில் போடச் சொல். "நான் சொன்னது பிழை. உம்மா பொருந்தல்ல. குழிய உம்மா காட்டின இடத்துக்கு மாத்துங்க" என்று உன் வாயால் சொல். வெட்கமாகத்தான் இருக்கும். பிறகு ரைஹானாவுக்கு எடுத்து, நடந்ததை அவளிடம் நீயே சொல். அவள் "பரவாயில்ல மகன்" என்பாள். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடாதே. கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் புது பாத்ரூமைக் கேட்பார்கள் என்று நீ பயப்படுகிறாய். குழி மாறாவிட்டால் அவர்களும் என்னோடு வளவின் மூலைக்கு நடக்கட்டும். ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டால் ஒருவர் விடாமல் சொல்லுவேன். மாப்பிள்ளையின் உம்மா வாயடக்கமில்லாதவள் என்று சம்பந்தி வீட்டில் சொன்னாலும் சொல்லட்டும்.

இன்னும் கொஞ்ச நாளில் நீ வந்து இறங்குவாய். கலியாணத்துக்கு முன் எல்லாப் பிள்ளையும் கேட்பதுபோல நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, என்னயப் பொருந்திக்கங்க" என்பாய். உன்னைப் பெற்ற நோவையும், நீ படுத்திய பாட்டையும், பெருநாளுக்குப் பெருநாள் வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டதையும் கேட்காமலே எப்போதோ பொருந்திவிட்டேன். இது ஒன்றுதான் நிற்கிறது. அன்றைக்கு ஹாஜியார் உன் பக்கத்தில் நின்றாலும், ஊரே கூடி நின்றாலும், எனக்காக அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவராலும் முடியாது. அது என் வாயிலிருந்துதான் வர வேண்டும். வர வேண்டும் என்று உன்னைவிட ஆசைப்படுகிறவள் நான்தான். குழியை மாற்றிவிட்டு வந்து கேள், மகன்.

உன் உம்மா